சாயம் உரிந்த கித்தாருக்கு ஏன் இவ்வளவு விலை?

வீட்டை விற்பதற்கு முன் சாயம் அடிக்கிறோம். காரை விற்பதற்கு முன் கழுவித் துடைத்து, கீறலை மறைத்து, இருக்கை உறையை மாற்றுகிறோம். புதிதாகத் தெரிந்தால் விலை கூடும் என்பது நமக்குப் பழகிப்போன கணக்கு. பழைய கித்தார் சந்தையில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. சாயம் உரிந்து, உலோகம் மங்கி, வியர்வைக் கறை படிந்த ஒரு நல்ல கித்தாரை அப்படியே விற்றால் ஒரு விலை. அதற்கே பளபளவென்று புதுச் சாயம் அடித்து விற்றால் ஏறத்தாழ பாதி விலைதான்.

நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கித்தார் வாசிக்கிறவன். கல்யாண மேடை, திருவிழா மேடை என்று வாசித்தது போக, கிள்ளானில் என் வீட்டின் பின்கட்டில் ஒரு மேசை போட்டுப் பழுதும் பார்த்துக் கொடுக்கிறேன். “எங்க தாத்தாவோட கித்தார் ஒண்ணு இருக்கு, நல்ல விலை போகுமா?” என்று கேட்டு அடிக்கடி யாராவது வருவார்கள். பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: “முதல்ல சாயம் அடிச்சிடலாமா?” அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விற்காமல் கிடந்த கித்தார்

இந்தச் சந்தையின் போக்கைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கித்தாரின் கதை போதும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனம், 1952-இல் ‘லெஸ் பால்’ என்ற மின் கித்தாரை அறிமுகப்படுத்தியது. முதலில் அதன் முகப்பு தங்க நிறத்தில் இருந்தது. 1958-இல் அதை மாற்றி, நடுவில் மஞ்சளும் ஓரத்தில் செம்மையுமாகக் கலந்து வரும் ‘சன்பர்ஸ்ட்’ வண்ணத்தைக் கொடுத்தார்கள். அப்படியும் விற்பனை சூடுபிடிக்கவில்லை. 1960-க்குப் பிறகு உடலின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் வெளிவந்த சன்பர்ஸ்ட் கித்தார்கள் ஈராயிரத்துக்கும் குறைவு. அன்று ஒன்றின் விலை 300 அமெரிக்க டாலருக்கும் குறைவு.

பிறகு இங்கிலாந்து இளைஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 1966-இல் ஜான் மேயாலின் இசைக்குழுவோடு எரிக் கிளாப்டன் வெளியிட்ட இசைத்தட்டில் அந்தக் கித்தாரின் கனத்த, நீண்டு ஒலிக்கும் நாதத்தைக் கேட்டவர்கள் கடை கடையாகத் தேடத் தொடங்கினார்கள். தேவை பெருகியதைப் பார்த்து 1968-இல் கிப்சன் லெஸ் பாலை மறுபடியும் தயாரிக்க ஆரம்பித்தது. ஆனால், தேடியவர்களுக்குப் புதியது வேண்டாம். அந்தப் பழைய மூன்றாண்டுச் சரக்குதான் வேண்டும். இன்று மாற்றம் எதுவும் செய்யப்படாத 1959-ஆம் ஆண்டு சன்பர்ஸ்ட் ஒன்று பல லட்சம் அமெரிக்க டாலருக்குக் கைமாறுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தக் கித்தார்களில் பூசிய சிவப்புச் சாயம் வெளிச்சத்துக்குத் தாங்காது. கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் பட்டு நின்றவை எலுமிச்சை மஞ்சளாக வெளுத்தன. பெட்டிக்குள்ளேயே கிடந்தவை சிவப்பாகவே இருந்தன. சில தேநீர் நிறத்துக்கு வந்தன. தயாரித்தவர்களின் கண்ணுக்கு அது தரக்குறைவு. இன்றைய சேகரிப்பாளருக்கோ ஒவ்வொரு கித்தாரும் வெளுத்த விதமே அதன் கைரேகை. வெளுத்த முகப்பையும் மரத்தின் வரிகளையும் பார்த்தே, இது இன்ன கித்தார் என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் மேல் புதுச் சிவப்பை அடித்தால் அந்தக் கைரேகையை அழித்ததாகத்தான் பொருள்.

எதையெல்லாம் அசல் என்கிறார்கள்?

பழைய கித்தாரை எடை போடும்போது முதலில் பார்ப்பது சாயம். 1950-களில் அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் என்ற மெல்லிய பூச்சைப் பயன்படுத்தின. அது காலப்போக்கில் மஞ்சளாகும். தட்பவெப்பம் மாறினால் சிலந்தி வலைபோல் மெல்லிய வெடிப்பு விடும். அந்த வெடிப்பு இயல்பானதா, செயற்கையா என்று தேர்ந்த கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது கழுத்தும் தலைப்பகுதியும். கிப்சன் கித்தார்களின் தலை பின்பக்கமாக 17 பாகை சாய்ந்திருக்கும். அந்த இடத்தில் மரமும் மெல்லியது, உள்ளே இரும்புக் கம்பிக்காகக் குடைந்த பள்ளமும் உண்டு. கித்தார் சாய்ந்து விழுந்தால் முதலில் உடைவது அங்கேதான். எவ்வளவு திறமையாக ஒட்டினாலும், ஒருமுறை உடைந்த தலை விலையைப் பாதிக்குக் கொண்டுவந்துவிடும். வாசிப்பவருக்கு அந்த ஒட்டால் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். சந்தை அதைக் கேட்காது.

மூன்றாவது, ஒலியை மின்சாரமாக்கும் பிக்கப்புகள். கிப்சனில் வேலை செய்த சேத் லவர் என்ற பொறியாளர், இரைச்சல் குறைந்த இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றை உருவாக்கினார். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், கிடைத்தது 1959-இல். இடைப்பட்ட காலத்தில் அதன் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சிறிய சீட்டை ஒட்டினார்கள். அந்தச் சீட்டின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘பி.ஏ.எஃப்.’ என்று இன்று அழைக்கப்படும் அந்தப் பிக்கப்புகள் தனியாகவே ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன.

அதற்குப் பிறகுதான் கம்பியை முறுக்கும் சாவிகள், திருகாணிகள், ஒலிக் கட்டுப்பாட்டுக் குமிழ்கள், வாங்கும்போது வந்த பெட்டி, பெட்டிக்குள் இருந்த தோள்வார், கடை ரசீது ஆகியவை வருகின்றன. ரசீது என்ன பெரிய பொருளா என்று கேட்கலாம். இந்தச் சந்தையில் அது பெரிய பொருள்தான்.

விதிவிலக்காக ஒன்றுண்டு. விரல் அழுத்தும் இடத்தில் உள்ள ஃப்ரெட் கம்பிகள் காரின் டயர் போன்றவை. வாசிக்க வாசிக்கத் தேயும். தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். நல்ல கைவேலையாக இருந்தால் அதைப் பராமரிப்பாகவே பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

துப்பறியும் வேலை

பணம் புழங்கும் இடத்தில் போலியும் வரும். அதனால் பெரிய விலை கொடுக்கிறவர்கள் கித்தாரைத் திறந்து பார்க்காமல் வாங்குவதில்லை.

உள்ளே இருக்கும் ஒலிக் கட்டுப்பாட்டுப் பாகங்களின் முதுகில் ஓர் எண் இருக்கும். ‘1376412’ என்று இருந்தால், முதல் மூன்று இலக்கம் அந்தப் பாகத்தைச் செய்த நிறுவனத்தைக் குறிக்கும். அடுத்த இரண்டு 1964-ஆம் ஆண்டு. கடைசி இரண்டு அந்த ஆண்டின் 12-வது வாரம். 1962-இல் செய்ததாகச் சொல்லும் கித்தாருக்குள் 1964-இன் பாகம் இருந்தால் கதை உதைக்கிறது. அதே சமயம் எண் பொருந்தினால் மட்டும் போதாது. ஈயப் பற்றுவைப்பு ஒருமுறைகூடக் கலைக்கப்படாமல் மங்கிப்போய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புதிதாகப் பற்றுவைத்த இடம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

புற ஊதா விளக்கு இன்னொரு சாட்சி. இருட்டறையில் அந்த விளக்கைப் பிடித்தால் பழைய நைட்ரோ பூச்சு பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பிற்காலத்தில் தொட்டுப் பூசிய இடம் வேறு நிறமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். பகலில் கண்ணுக்குத் தெரியாத தலை உடைப்பும் சில நேரம் இப்படித்தான் வெளியே வருகிறது.

ஃபெண்டர் கித்தார்களில் இன்னொரு சிக்கல். அந்த நிறுவனம் வாடிக்கையாளர் கேட்டால், காருக்கு அடிக்கும் சாயத்தைக் கித்தாருக்கும் அடித்துக் கொடுத்தது. அத்தகைய அபூர்வ நிறம் அசலாக இருந்தால் சாதாரண சன்பர்ஸ்டைவிட விலை மிக அதிகம். இதனாலேயே சாதாரண நிறத்தைச் சுரண்டிவிட்டு அபூர்வ நிறம் அடித்து விற்ற மோசடிகளும் நடந்திருக்கின்றன. அந்த நிறுவனத்தை 1965 ஜனவரியில் சி.பி.எஸ். ஒளிபரப்பு நிறுவனம் 130 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முந்தைய கித்தார்களைச் சேகரிப்பாளர்கள் தனிச் சாதியாகவே நடத்துகிறார்கள். ஆலை ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் சந்தைக்கு ஒரு கோடு தேவைப்பட்டது. அந்தக் கோடு அங்கே விழுந்துவிட்டது.

அசல்மீது வைத்த இந்தப் பற்றே அசலுக்கு எமனாகவும் ஆகிறது. பாகங்கள் தனித்தனியாக நல்ல விலைபோவதால், முழுக் கித்தாரைப் பிரித்துப் பிக்கப்பை ஒருவருக்கும், சாவிகளை இன்னொருவருக்கும் விற்கிறவர்கள் உண்டு. நாற்பது ஐம்பது ஆண்டுகள் சேர்ந்தே இருந்த பொருள் ஒரே பிற்பகலில் சிதறிப்போகிறது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும்.

அசலே இல்லாத கித்தாருக்கு ஒன்பதரை லட்சம்

இவ்வளவும் சொன்ன பிறகு, இதற்கு முற்றிலும் எதிரான சில உதாரணங்களையும் சொல்லியாக வேண்டும்.

எரிக் கிளாப்டன் 1970-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தார்கள் சிலவற்றை மலிவாக வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மற்றவற்றில் ஒன்றின் உடல், இன்னொன்றின் கழுத்து, வேறொன்றின் பிக்கப் என்று நல்லவற்றைப் பொறுக்கி ஒரே கித்தாராகச் சேர்த்தார். சேகரிப்பாளர் கணக்கில் அது வெறும் ஒட்டுவேலை. ‘பிளாக்கி’ என்று பெயர் பெற்ற அந்தக் கித்தார், 2004-இல் நியூயார்க் ஏலத்தில் 959,500 டாலருக்குப் போனது.

பிங்க் ஃபுளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் வைத்திருந்த கருப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் இன்னும் மோசம். கழுத்து, பிக்கப், முகப்புத் தகடு என்று பலமுறை மாற்றப்பட்டது. 2019-இல் அது 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு விற்றது. கர்ட் கோபேன் 1993-இல் எம்.டி.வி. நிகழ்ச்சியில் வாசித்த 1959-ஆம் ஆண்டு மார்ட்டின் கித்தார், வலக்கைக்காரருக்குச் செய்யப்பட்டு இடக்கைக்காரருக்கு மாற்றப்பட்டது. கூடுதலாக ஒரு பிக்கப்பும் வைக்கப்பட்டது. 2020-இல் அதன் விலை 60 லட்சத்து 10 ஆயிரம் டாலர்.

பீட்டர் கிரீன் வைத்திருந்து, பிறகு கேரி மூரிடம் போய், இன்று மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹாம்மெட்டிடம் இருக்கும் 1959 லெஸ் பாலின் கதையும் இப்படித்தான். அதன் ஒரு பிக்கப்பில் காந்தம் தலைகீழாக இருக்கிறது. அந்தக் கோளாறினால் பிறக்கும் விசித்திரமான, மூக்கால் பாடுவது போன்ற ஒலிக்காகவே அது புகழ் பெற்றது. யாராவது அதைச் ‘சரிசெய்து’ கொடுத்தால் அவரை உலகம் மன்னிக்காது.

இந்த உதாரணங்களை வைத்துப் பார்த்தால், சந்தை தேடுவது ஆலையிலிருந்து வந்த நிலையை மட்டுமல்ல என்று தெரிகிறது. இந்தப் பொருள் எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது, அதற்கு என்ன நேர்ந்தது என்பதற்கான நம்பத்தகுந்த சாட்சியத்தைத்தான் அது தேடுகிறது. பெயர் தெரியாத ஒருவர் சாயம் மாற்றினால் ஆலையின் சாட்சியம் அழிகிறது; அதற்கு ஈடாக எதுவும் கிடைப்பதில்லை. கில்மோர் மாற்றினால் ஆலையின் சாட்சியம் அழிந்தாலும் அதைவிடப் பெரிய சாட்சியம் வந்து சேர்கிறது.

வயலின் உலகத்தை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பிற்காலத்தில் கழுத்து மாற்றப்பட்டது. பெரிய அரங்குகளுக்கு ஏற்ப உரத்த ஒலி வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. அதனால் யாரும் அவற்றின் விலையைப் பாதியாக்கவில்லை. அங்கே மாற்றம் மரபாகிவிட்டது. கித்தார் சந்தை இளையது. அது இன்னும் திருகாணியை எண்ணிக்கொண்டிருக்கிறது.

பழசின் ஒலி உண்மையிலேயே உயர்ந்ததா? 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், 21 வயலின் கலைஞர்களுக்குப் பார்வையை மறைக்கும் கண்ணாடி அணிவித்து, மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதியவற்றையும் வாசிக்கக் கொடுத்தார்கள். பழைய வயலின்களில் ஸ்ட்ராடிவாரியும் இருந்தது. பெரும்பாலோரால் பழையது எது, புதியது எது என்று சொல்ல முடியவில்லை. பலர் விரும்பி எடுத்ததும் புதியதையே. கித்தாருக்கும் இதே முடிவு வரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் விலையும் ஒலியும் ஒன்றல்ல என்பதை இது நினைவூட்டுகிறது. ஃபெண்டர் நிறுவனம் இதைப் புரிந்துகொண்டுதான், 1995-இல் புதுக் கித்தாரை வேண்டுமென்றே தேய்த்து, கீறி, சாயத்தை உரித்து விற்கத் தொடங்கியது. ஜீன்ஸ் துணியைக் கிழித்து விற்கிறார்களே, அதே வியாபாரம்தான். நன்றாகவே விற்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்

நமக்குத் தொடர்புள்ள ஒரு செய்தியும் இதில் உண்டு. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் தன் உயர்ந்த கித்தார்களின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் நெடுங்காலம் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தைப் பயன்படுத்தியது. அந்த மரம் அரிதானதும் 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இந்திய ரோஸ்வுட் என்பது நம்மவர்கள் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் மரம்தான். தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. எத்தனையோ அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்கள் நம் ஈட்டி மரத்திலிருந்து ஒலித்திருக்கின்றன.

ஆனால் சந்தையில் 1969-க்கு முந்தைய பிரேசில் மரக் கித்தாருக்கே மதிப்பு அதிகம். அதை வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தத்தில் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. மலேசியாவும் அதில் கையெழுத்திட்ட நாடு. உரிய அனுமதிக் கடிதம் இல்லாமல் எல்லை தாண்டினால் கித்தார் பறிபோகலாம்.

நம் வீட்டுப் பரணில் இருப்பது

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வாசித்துவிட்டுப் போன பிறகு, இந்த வட்டாரத்தில் கித்தார் குழுக்கள் பெருகின. ‘பாப் யே யே’ காலம் வந்தது. தோட்டங்களிலும் அந்த அலை அடித்தது. நம்மவர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் லெஸ் பால் அல்ல; கைக்கு எட்டிய விலையில் கிடைத்த ஜப்பானியக் கித்தார்கள்.

சென்ற ஆண்டு ஒரு சகோதரி அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். யமாஹா எஃப்.ஜி. 180. 1966-இல் அறிமுகமான வகை. உள்ளே சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்த அவருடைய அப்பா வாசித்தது.

“அண்ணே, பையன் காலேஜ் போறான். அவனுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். இப்படியே குடுத்தா வெக்கப்படுவான். கருப்பு சாயம் அடிச்சுக் குடுத்துடுங்க,” என்றார்.

நான் கித்தாரைத் திருப்பிக் காட்டினேன். கழுத்தின் பின்புறம் முதல் மூன்று ஃப்ரெட்டுக்கு நேரே பூச்சு தேய்ந்து மரம் வழவழத்திருந்தது. அதற்கு மேலே தேய்மானமே இல்லை. உடலின் மேல் விளிம்பில் முழங்கை பட்ட இடத்தில் ஒரு வெளுத்த தடம். “உங்கப்பா பாட்டுக்குத் துணையா கோர்டு வாசிச்சவர். கை எப்பவும் இங்கயேதான் இருந்திருக்கு. உட்கார்ந்து வாசிச்சவர். பாருங்கம்மா, கை வச்ச இடம்,” என்றேன்.

அவர் அந்த இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப சாயம் வேணாம்ணே. வாசிக்கிற மாதிரி மட்டும் செஞ்சு குடுங்க,” என்றார்.

தூக்கிக்கொண்டிருந்த பிரிட்ஜை ஒட்டி, கம்பி மாற்றிக் கொடுத்தேன். அமெரிக்க சன்பர்ஸ்டின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட அந்தக் கித்தாருக்குக் கிடைக்காது. ஆனால் சாயம் அடித்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஏற்பட்டிருக்கும் இழப்பை எந்த ஏலக் கடையும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. பையன் அதை விடுதிக்கே கொண்டுபோய்விட்டானாம்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். சாயம் அடிக்காதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழுதான பாகத்தை மாற்றினால் பழையதைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். புதுப் பாகத்துக்காக மரத்தில் புதுத் துளை போட விடாதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தொடும். கித்தாருக்கு உகந்தது 50 விழுக்காடு அளவு. ஆகவே சுவரில் மாட்டாமல் பெட்டியில் வைத்து, ஈரம் உறிஞ்சும் பையும் போட்டு வையுங்கள். காரின் பின்பெட்டியில் வெயிலில் விடவே கூடாது. ஒட்டிய பசை இளகிவிடும். பழைய ரசீது, மேடையில் வாசித்தபோது எடுத்த படம் எது கிடைத்தாலும் கித்தாரோடு சேர்த்து வையுங்கள். யாருடையது, எந்த ஆண்டு வாங்கியது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

விலை தெரிய வேண்டும் என்றால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். போகும் முன் துடைக்கக்கூட வேண்டாம். தூசியோடு அப்படியே கொண்டுபோங்கள்.